படுத்துக் கிடந்த எட்டு

வானமே இடிந்து விழுந்தாலும், கடலே வற்றிப் போனாலும், வாரியத்தின் பாலம் நிற்கும்.

பாலப் பராமரிப்பு வாரியத்தின் தலைமை அலுவலக வாசலில் கருங்கல்லில் இப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டி வைத்த மறு வருடமே கல் பின்பக்கமாகச் சாயத் தொடங்கியதால் அதற்கு ஓர் இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கம்பிக்கு வருடத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்கிறார்கள். கல்லை யாரும் நிமிர்த்தவில்லை. நிமிர்த்துவதற்கு வாரியத்தில் பிரிவு கிடையாது.

வாரியத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அதில் பாலத்தைக் கையால் தொடுகிறவர்கள் ஒன்பது பேர். மீதி நானூற்று மூன்று பேரும் அந்த ஒன்பது பேர் முறைப்படி தொடுகிறார்களா என்று கவனிப்பவர்கள். பாலத்துக்கு வயது அறுபத்தொன்று. இரண்டு கரைக்கும் நடுவில் நாற்பத்தெட்டு மூட்டுகளோடு நிற்கிற இரும்புப் பாலம். அக்கரையில் முதல் மூட்டில் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தால் இக்கரையில் நாற்பத்தெட்டாம் மூட்டுக்கு வந்து சேர ஏழு வருடம் ஆகும். வந்து சேர்ந்ததும் ஒரு விழா. விழா முடிந்த மறுநாளே பிரஷ்களைத் தூக்கிக்கொண்டு மறுபடி அக்கரைக்கு. இப்போது நடந்துகொண்டிருந்தது எட்டாம் சுற்று.

அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான் சுரண்டி. பதிவேட்டில் அவர் 'துரு நீக்குநர், இரண்டாம் நிலை'. முதல் நிலையில் யாரும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பழைய பெயிண்டையும் துருவையும் உளியாலும் கம்பி பிரஷ்ஷாலும் எடுப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதையே செய்ததில் வீட்டில், தெருவில், டீக்கடையில் எல்லாம் சுரண்டி என்பதே பெயராகிவிட்டது. வாரியத்துக்கு மட்டும் அவரைக் கண்டால் ஆகாது. பெயிண்ட் அடிக்கிறவன் பாலத்தை அழகாக்குகிறான். சுரண்டுகிறவன் அதன் வண்டவாளத்தை வெளியே கொண்டுவருகிறான். 'சுரண்டுதல் அளவோடு இருக்க வேண்டும்' என்று அவர் ஒருவருக்காகவே ஒரு சுற்றறிக்கை இருந்தது.

திங்கட்கிழமை காலை கடைசி இரண்டு மூட்டில் கொஞ்சம் வேலைதான் பாக்கி. வெள்ளிக்கிழமை விழா. சுரண்டி இடுப்பில் கயிறு கட்டி, ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு, நாற்பத்தேழாம் மூட்டுக்கு வந்தார். அங்கே இரும்புச் சட்டங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பவை இரண்டு தகடுகள். ரோட்டுப் பக்கம் ஒன்று, ஆற்றுப் பக்கம் ஒன்று. ஆற்றுப் பக்கத் தகட்டில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். போன சுற்றில் கேட்டது போல டணார் என்று கேட்க வேண்டும். பொத் என்று கேட்டது.

இன்னொரு தட்டு. பொத்.

பெயிண்ட் பட்டையாக உரிந்து வந்தது. சாம்பல், அதற்கடியில் பச்சை, அதற்கடியில் ஒரு மங்கிய சிவப்பு; தலைவர் மாறினால் சுற்றுக்கு நடுவிலும் நிறம் மாறும். ஒரு ரிவெட் ஆணியின் தலையைக் கட்டைவிரலால் அமுக்கினார். கையோடு வந்துவிட்டது. விரிசல் அடைக்கிற புட்டி மாவு உருண்டை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து, உருட்டி, ஒட்டி, வரிசை பிசகாமல் பதினாறு ரிவெட் செய்திருக்கிறார்கள். உளியை லேசாக அழுத்தினார். கைப்பிடிவரை உள்ளே போனது.

மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நங்கூரம். நூற்றிருபது கிலோ எடைதான் அவருடைய கல்வித் தகுதி.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"நங்கூரம், இங்க இரும்பு இல்ல."

"பாலத்துல இரும்பு இல்லன்னா பின்ன எங்க இருக்கும்? நல்லாத் தேடு."

"விளையாடாத. ஆத்துப் பக்கத் தகடு இருக்கிற இடத்துல வெறும் பெயிண்டுதான் நிக்குது. ரோட்டுப் பக்கத் தகடு ஒண்டியாத் தாங்குது."

அப்போது மேலே ஒரு பஸ் போனது. ரோட்டுப் பக்கத் தகடு கிறீச் என்று ஒரு குரல் கொடுத்தது. இருபத்தாறு வருடத்தில் சுரண்டி அந்தக் குரலைக் கேட்டதில்லை. 

"இன்னும் கொஞ்சம் சுரண்டிப் பாக்கட்டுமா?"

"ஐயோ, கைய எடு! சுரண்டினா கையோட வந்துடும். அப்புறம் நீதான் கழட்டினேன்னு சொல்லுவாங்க."

நங்கூரம் வாரியத்தை நன்றாகத் தெரிந்தவர். சுரண்டி கையை எடுத்தார். ஓரத்தில் அப்பிக் கிடந்த துருவை மட்டும் சாட்சிக்காகச் சாப்பாட்டு டப்பாவில் வழித்துப் போட்டுக்கொண்டு மேலே ஏறினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே மகள் எதிரே வந்து நின்றாள். அவள் பஸ் டிரைவர். ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்தப் பாலத்தைக் கடக்கிறவள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை அணிவகுப்புல முதல் பஸ் என்னுது!"

"என்ன அணிவகுப்பு?"

"உங்க வாரிய விழாதான். பன்னெண்டு பஸ்ஸு, வாரியத்து ஆளுங்களும் குடும்பமும் மூச்சு முட்ட ஏறி, ஒண்ணு பின்னாடி ஒண்ணா பாலத்து மேல போய் நிக்கணுமாம். தலைவர் பேசி முடிக்கிற வரைக்கும் அசையக் கூடாதாம். பாலத்தோட பலத்தை ஊருக்குக் காட்டறாங்களாம்."

சுரண்டி டப்பாவைத் திறந்து காட்டினார். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் மனைவி டப்பாவைத்தான் முதலில் பார்த்தாள்.

"சோறு கொடுத்தனுப்பினா துருவ வாங்கிட்டு வர்றீங்க. இத நான் எத்தன தடவ கழுவறது?"

சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். பார்த்த பிறகு டப்பாவைப் பற்றிப் பேசவில்லை.

"நீ லீவு போட்டுடு," என்றார் சுரண்டி.

"நான் போடலாம்பா. வேற டிரைவர் ஓட்டுவாரு. பஸ்ஸுக்குள்ள இருக்கிற எம்பது பேரும் லீவு போடுவாங்களா? நீங்க போய்ச் சொல்லிப் பாலத்த மூடச் சொல்லுங்க. மூடுற அதிகாரம் வாரியத்துக்குத்தான இருக்கு?"

வீட்டுக்கு வரும் வழியில் போலீஸ் நிலையத்திலும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். வாரியத்தின் பாலம் கெட்டுப்போயிருக்கிறது என்று வாரியமே எழுதிக் கொடுத்தால் உடனே வருவதாகச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை சுரண்டி தலைமை அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவருடைய மச்சினன் கடிதப் பிரிவில் வேலை பார்த்தான். நடைவழியில் பச்சை நாற்காலி ஒன்று தனியாகக் கிடந்தது. சுரண்டி உட்காரப் போனார். மச்சினன் பாய்ந்து வந்து தோளைப் பிடித்து இழுத்தான்.

"மாமா! பலகையப் பாக்கலயா?"

நாற்காலியின் முதுகில் 'ஈரம்' என்று வாரிய முத்திரையோடு ஒரு பலகை தொங்கியது.

"காஞ்சுதான இருக்கு?"

"அது அடிச்சு நாலு வருஷம் ஆச்சு மாமா. ஆனா காஞ்சுதா இல்லையான்னு உலர்வு அலுவலர்தான் எழுதிக் கொடுக்கணும். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அடிச்சது. புது ஆளு இன்னும் போடல. விதி பதினாலு மாமா! தலைவரோட வெள்ளை பேண்ட்ல ஒரு தடவ பெயிண்ட் ஒட்டிக்கிச்சுல்ல, அன்னைக்கு அவரே கைப்பட எழுதினது. இந்த வாரியத்துல எல்லாரும் பயப்படுற விதி அது ஒண்ணுதான்."

வந்தவர்கள் உட்காருவதற்காகப் பெயிண்ட் டப்பாக்கள் வரும் மரப்பெட்டிகளை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்தது தலைகீழாகத் தெரிந்தது. மூடிகளை மட்டும் காணோம். சுரண்டி ஒரு பெட்டியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் காத்திருந்தார்.

வண்ண அதிகாரி அன்பானவர். சுரண்டி சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"என்ன நிறம்?" என்றார் கடைசியில்.

"எதுங்கய்யா?"

"நீங்க சொன்ன அந்த ஓட்டை."

"ஓட்டைக்கு நிறம் ஏதுங்கய்யா?"

"நிறம் இல்லாத விஷயத்த வண்ணப் பிரிவுக்கு ஏன் கொண்டுவந்தீங்க?" அதிகாரி மேஜையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்துக் காட்டினார். "பாருங்க. மூணு கட்டம் இருக்கு. நன்று, மிக நன்று, மிக மிக நன்று. உங்க மூட்டை இதுல எதுல போடணும்னு சொல்லுங்க, இப்பவே போட்டுத் தர்றேன்."

"இதுல எதுலயும் வராதுங்கய்யா. மோசம்னு ஒரு கட்டம்..."

"நாலாவது கட்டம் போட்டா பாரத்தோட லட்சணமே போயிடும். நான் இந்த நாற்காலிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகுது. ஒரு நாள்கூட மோசம்னு எழுதினதில்ல. ஏன் தெரியுமா? எழுத இடம் இல்ல. ஒரு நிர்வாகம் நல்லா நடக்குதுன்னா இப்படித்தான் நடக்கணும்."

பேசிக்கொண்டே போனை எடுத்து, நாற்பத்தேழாம் மூட்டில் பெயிண்ட் உரிந்து கிடப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, உடனே அடியுங்கள் என்று உத்தரவு போட்டார். வாரியத்தில் ஓர் உத்தரவு அவ்வளவு வேகமாக நிறைவேறி யாரும் பார்த்ததில்லை. சுரண்டி பாலத்துக்குத் திரும்புவதற்குள் உளி போன இடத்தில் புட்டி வைத்து, பதினாறாம் ரிவெட்டைப் புதிதாக உருட்டி ஒட்டி, தகடு வெள்ளி நிறத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தது. மேலே பஸ் போனது. ரோட்டுப் பக்கத் தகடு கிறீச் என்றது. இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக.

புதன்கிழமை, இரும்புப் பிரிவு எங்கே என்று மச்சினனைக் கேட்டார்.

"அது மூடி ஒன்பது வருஷம் ஆச்சு மாமா. இரும்பப் பத்தி ஒரு புகாரும் வரலன்னு மூடிட்டாங்க."

"ஏன் வரல?"

"அதான் மேல பெயிண்ட் அடிச்சிருந்துதே."

இரும்புப் பிரிவின் அறையில் இப்போது விழா நாற்காலிகளும் ரிப்பன் சுருள்களும் இருந்தன. பக்கத்து அறையில் சொத்து அதிகாரி இருந்தார். சாட்சி இருந்தால் பேசலாம் என்று அவர் சொன்னதும் சுரண்டிக்கு உயிர் வந்தது. டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்தார். அதிகாரி துருவைத் தராசில் கொட்டி நிறுத்தார். முந்நூற்றுப் பத்து கிராம்.

"இது எங்கிருந்து எடுத்தது?"

"பாலத்துல இருந்துங்கய்யா."

"பாலம் யாருது?"

"வாரியத்துது."

"அப்போ இந்தத் துரு?"

 சுரண்டிக்குக் கேள்வி போகிற திசை தெரிந்துவிட்டது.

"வாரியத்தோட சொத்துல முந்நூத்திப் பத்து கிராம சாப்பாட்டு டப்பாவுல வெச்சு வெளிய கொண்டுபோயிருக்கீங்க. அதுவும் விழா நேரத்துல. இருபத்தாறு வருஷமா சுரண்டறீங்களாமே. ஒரு நாளைக்கு முந்நூறு கிராம்னு வெச்சாலே பாதிப் பாலம் உங்க வீட்டுல இருக்கணும்!"

"ஐயா, அந்தப் பாலம் விழப்போகுது. என் மக முதல் பஸ்ஸுல..."

"உணர்ச்சிவசப்படாதீங்க. உங்க நல்ல மனசப் பாத்து எளிமையா முடிக்கிறேன்."

எளிமையான முடிவு ஒரு மணி நேரத்தில் தட்டச்சாகி வந்தது. 'தாங்கள் அகற்றிய துருவை, அகற்றிய இடத்திலேயே, அகற்றுவதற்கு முன்பு இருந்த நிலையில், ஏழு நாட்களுக்குள் திரும்ப ஒட்டிவிட்டு, ஒட்டிய விவரத்தைத் தெரிவிக்கவும்.'

வியாழக்கிழமை காலை தடிமன் அதிகாரி பாலத்துக்கே வந்தார். விழாவுக்கு முன்னால் எல்லா மூட்டிலும் பெயிண்டின் தடிமனை அளப்பது சம்பிரதாயம். கையில் சின்ன மீட்டர் ஒன்று. அடியில் இருக்கும் இரும்பைக் காந்தத்தால் தேடி, இரும்புக்கும் தனக்கும் நடுவில் பெயிண்ட் எவ்வளவு என்று அது சொல்லும். மூன்று காட்டினால் தேர்ச்சி. கம்பியில் கட்டி இறக்கி, மூட்டு மூட்டாக வைத்தார்கள். மூன்று. மூன்றரை. மூன்று. நாற்பத்தேழாம் மூட்டில் வைத்ததும் மீட்டர் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் ஓர் எட்டு காட்டியது. அந்த எட்டு நிற்கவில்லை. படுத்துக் கிடந்தது.

தடிமன் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எட்டு!" என்றார். குரல் தழுதழுத்தது. "என் சர்வீஸ்ல நாலுக்கு மேல பாத்ததில்ல!"

"ஐயா," சுரண்டி முன்னால் வந்தார். "அது எட்டு இல்ல. அடியில இரும்பு தட்டுப்படலன்னா அப்படிக் காட்டும். சும்மா காத்துல பிடிச்சாலும் காட்டும். பாருங்க." மீட்டரை வாங்கிக் காற்றில் பிடித்தார். எட்டு படுத்தது. தன் உள்ளங்கையில் வைத்தார். படுத்தது. தரையில் கிடந்த மரப்பெட்டியில் வைத்தார். படுத்தது. வேறு வழி தெரியாமல் அதிகாரியின் வழுக்கைத் தலையிலேயே வைத்தார். அங்கேயும் எட்டு சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா? உங்க தலையில என்ன பெயிண்டா அடிச்சிருக்கு?"

அதிகாரி தலையைத் தடவிக்கொண்டார். கோபம் வரும் என்று சுரண்டி எதிர்பார்த்தார். வந்தது பெருமிதம்.

"என்னோட தலையும் வாரியத்தோட பாலமும் ஒரே அளவு காட்டுதுன்னா, இந்த வேலைக்கு நான் எவ்வளவு பொருத்தமானவன்னு தெரியுதா? படுத்துக்கிடந்தா என்னய்யா, எட்டு எட்டுதான். நிம்மதியா இருக்கிறவன்தான் படுப்பான். எட்டாம் சுற்றுல எட்டு! தலைவர் கேட்டா ஆடிப்போயிடுவார்."

தலைவர் கேட்டு ஆடித்தான் போனார். மத்தியானமே உத்தரவு வந்தது. வாரிய வரலாற்றில் இல்லாத தடிமனைத் தன் பொறுப்பில் உள்ள மூட்டில் சாதித்துக் காட்டிய துரு நீக்குநர், இரண்டாம் நிலைக்கு விழாவில் பதக்கம் வழங்கப்படும். ஓட்டை என்ற சொல்லை அவர் இன்னொரு முறை உச்சரித்தால் பதக்கமும் வேலையும் சேர்ந்து போகும் என்று பின்குறிப்பில் இருந்தது.

 அன்று சாயங்காலம் வீட்டில் மகள் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குக் கடைசி டிரிப்புல எனக்கே கேட்டுச்சுப்பா. பிரேக் சத்தம்னு கண்டக்டர் சொன்னாரு. நான் பிரேக்கே போடல."

"நாளைக்கு நீ போகக் கூடாது," என்றாள் அம்மா.

"அம்மா, அந்த எம்பது பேர்ல மாமாவும் இருக்காரு. கட்டாயமாம்."

மச்சினன் மூலையில் உட்கார்ந்து தலையை ஆட்டினான். "முன் சீட்டுல உட்காரச் சொல்லியிருக்காங்க அக்கா. கைய ஆட்டணுமாம்."

சுரண்டியின் மனைவி இஸ்திரிப் பெட்டியை மகளின் கையிலிருந்து பிடுங்கி நிமிர்த்தி வைத்தாள். "நாலு நாளா நீங்களும் படி ஏறி இறங்கறீங்க. உசுரு போகுதுன்னா அசைய மாட்டேங்கிறான். துருன்னா நிறுத்துப் பாக்கறான். உங்க வாரியத்துல எவனாவது எதுக்காவது பயப்படறானா? அந்தப் பெரிய மனுசன்கூட பேண்ட்ல கறை படுறதுக்குத்தான பயந்தான்!"

சுரண்டி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவள் திட்டும்போது அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"மாப்ள," என்றார். "அந்த நாற்காலில தொங்குற பலகை மாதிரி ஸ்டோர்ல வேற இருக்கா?"

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே விழாவுக்காகப் பாலத்தை மூடிவிட்டார்கள். ஓட்டைக்காக நான்கு நாளாக மூட முடியாத பாலம் ரிப்பனுக்காக ஐந்து நிமிடத்தில் மூடப்பட்டது. சுரண்டியும் நங்கூரமும் இக்கரை வாயிலில், ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, இரண்டு ஆள் நீளத்துக்கு மஞ்சள் பெயிண்டை வழித்து அடித்தார்கள். நடுவில் முத்திரை போட்ட பலகையை நிறுத்தினார்கள். ஈரம்.

பத்து மணிக்கு ஆற்றங்கரை ரோட்டில் அணிவகுப்பு வந்தது. முதலில் மகளின் பஸ். அதன் பின்னால் தலைவரின் வெள்ளைக் கார். பாலத்தின் மேல் முழு நம்பிக்கை இருந்ததால் அவர் இரண்டாவதாக வந்தார். காருக்குப் பின்னால் பதினோரு பஸ். மகள் பலகைக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள். முன் சீட்டில் மச்சினன் எதற்கென்று தெரியாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

தலைவர் இறங்கினார். சட்டை வெள்ளை, பேண்ட் வெள்ளை, ஷூவும் வெள்ளை.

"யார் இத அடிச்சது?"

"நான்தாங்கய்யா. உங்க வரவேற்புக்கு," என்றார் சுரண்டி.  "உங்களுக்குப் பிடிச்ச மஞ்சள்."

மஞ்சள் என்றதும் தலைவர் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு பலகையைப் பார்த்தார். "நல்ல காரியம். சரி, ஏம்மா, நீ மெதுவா ஓட்டிட்டுப் போ."

மகள் ஜன்னலில் தலையை நீட்டினாள். "போறேங்கய்யா. டயர்ல ஒட்டுற பெயிண்ட் பின்னாடி தெறிக்கும். பின்னாடி உங்க கார்தான், பரவால்லீங்களா?"

தலைவர் காரைப் பார்த்தார். பேண்ட்டைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் போனார்.

"மேல கம்பளம் விரிச்சிடலாம்யா," என்றார் தடிமன் அதிகாரி. "நான் எடுத்துட்டு வரச் சொல்றேன்."

 கம்பளம் வேனிலேயே இருந்தது. இரண்டு பேர் இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் வைத்து உருட்டத் தொடங்கப் போனார்கள். மகள் கியரில் கை வைத்தாள். சுரண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"தொடாதீங்க!"

கத்தியது வண்ண அதிகாரி. விதி பதினாலை அவர் மனப்பாடமாகச் சொன்னார்: "ஈரம் என்ற பலகை உள்ள இடத்தை, உலர்வு அலுவலர் எழுத்து மூலம் உலர்ந்ததாக அறிவிக்கும் வரை, எவரும், எக்காரணம் கொண்டும், பதவி வேறுபாடின்றி, தொடவோ மிதிக்கவோ கடக்கவோ கூடாது. நீங்களே எழுதினதுங்கய்யா. அந்தப் பச்சை நாற்காலில நாலு வருஷமா நான்கூட உட்காரல. உங்களப் பாக்கக் காத்திருக்கிறப்போ முதுகுவலியோட நிக்கிறேன். இன்னைக்கு இதுல கம்பளம் விரிச்சா, நான் நின்ன நாலு வருஷத்துக்கு என்னங்கய்யா அர்த்தம்?"

நானூறு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தன் கையெழுத்தை நினைத்துப் பார்த்தார்.

"அப்போ உலர்வு அலுவலரக் கூப்பிடு."

"அந்த இடம் காலிங்கய்யா."

"ஏன் நிரப்பல?"

"கோப்பு உங்க மேஜையிலதாங்கய்யா இருக்கு."

விழா கரையிலேயே நடந்தது. பஸ்கள் இருந்த இடத்திலேயே நின்றன. பேசுவதற்கு மேடை மட்டும் பாலத்தின் வாயிலுக்குப் பக்கத்தில். பாலத்தின் மேல் நிற்கும் கூட்டத்துக்குக் கேட்கட்டும் என்று ஆளுயர ஒலிபெருக்கி இரண்டை முந்தின நாளே நாற்பத்தேழாம் மூட்டுக் கைப்பிடியில் கட்டியிருந்தார்கள். அவை ஆளில்லாத பாலத்தைப் பார்த்து அலறின.

"அறுபத்தொரு வருஷமாக," என்று தலைவர் தொடங்கினார், "இந்தப் பாலத்தில் துரு இருப்பதாக எங்கள் கோப்புகளில் ஒரு புகார்கூட இல்லை! இது தானாக வந்த பெருமையா? இல்லை. வருகிற புகார் எதையும் கோப்பில் சேர்ப்பதில்லை என்ற கட்டுப்பாட்டால் வந்த பெருமை! எங்கள் முன்னோர் இரும்பை நம்பி இந்தப் பாலத்தைக் கட்டினார்கள். நாங்கள் பெயிண்டை நம்பி இதை நிறுத்தி வைத்திருக்கிறோம்!"

கைதட்டல். ஒவ்வொரு சொல்லுக்கும் கைப்பிடி அதிர்ந்தது. சுரண்டி மேடையில் பதக்கத்துக்காகக் குனிந்து நின்றபடி நாற்பத்தேழாம் மூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதோ இவர்! இவருடைய மூட்டில் எங்கள் மீட்டர் எட்டு காட்டியது. இரும்பையே காண முடியாத அளவுக்குப் பராமரித்திருக்கிறார்! உலகத்தில் எந்தப் பாலத்திலாவது இப்படி ஒரு தகட்டைக் காட்ட முடியுமா என்று சவால் விடுகிறேன்! இந்தத் தகடு..."

'தகடு' என்ற சொல் ஒலிபெருக்கியில் கொஞ்சம் கனமாகவே விழுந்தது. நாற்பத்தேழாம் மூட்டில் வெள்ளியாக ஜொலித்துக்கொண்டிருந்த தகடு ஒரு பக்கம் விட்டு, இன்னொரு பக்கமும் விட்டு, பதினாறு ரிவெட்டோடு ஆற்றில் விழுந்தது. சட்டங்களுக்கு நடுவில் அது இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. ரோட்டுப் பக்கத் தகடு கிறீச் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. அதன் மேல் பாரம் ஏதும் இல்லை.

பன்னிரண்டு பஸ்ஸின் ஜன்னல்களிலும் தலைகள் நீண்டன. மகள் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சுரண்டியின் கழுத்தில் பதக்கம் பாதி மாட்டிய நிலையில் தொங்கியது.

தடிமன் அதிகாரி மைக்கைப் பிடித்தார். "யாரும் பதற வேண்டாம். பழைய தகடு திட்டமிட்டபடி அகற்றப்பட்டிருக்கிறது. உயர்ந்த ரக எஃகு. ஆற்றின் அடியிலிருந்து நாளை மீட்டு, ஆய்வுக்கு அனுப்பப்படும்."

தகடு ஆற்றின் அடிக்குப் போகவில்லை. மிதந்தது. மேடையைத் தாண்டி, வெள்ளைக் காரைத் தாண்டி, பஸ்களின் வரிசைக்கு நேராக மெதுவாக வந்து, ஒரு சுழலில் மாட்டிப் புரண்டது. அடிப்பக்கத்தில் யாரும் பெயிண்ட் அடித்திருக்கவில்லை. அது பெயிண்ட் டப்பாக்கள் வரும் மரப்பெட்டியின் மூடி. அதில் வாரிய முத்திரையோடு, 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்தது.